ஒரு பல் தள்ளி

ஜூன் 12, திங்கள்

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒண்டிப்புதூர் முழுக்கக் கரண்ட் இல்லை. பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் லாரியில் ஏற்றி ஒரு வண்டி வந்து இறங்கியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபத்தாறாம் வருஷ மாடல், இரண்டு கதவு. ஆறு வருஷமாக ஷெட்டில் கிடந்திருக்கிறது. டயரெல்லாம் தரையோடு ஒட்டிப்போயிருந்தாலும் சேஸிஸ் கல்லு மாதிரி இருக்கிறது. பெயிண்டர் அபுதாகிர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, “சென்னிண்ணா, இது வண்டி இல்ல, பொண்ணு” என்றான். அவன் எல்லா வண்டியையும் அப்படித்தான் சொல்வான். இந்த முறை சரியாகச் சொன்னான்.

வண்டிக்காரர் சுலோச்சனா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், அறுபத்தொன்பது வயது. வீட்டுக்காரர் கோதண்டம், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர், ஆறு வருஷம் முன்னால் தவறிவிட்டார். அதிலிருந்து வண்டியை எடுக்கவில்லையாம். இப்போது மறுபடி ஓட்ட ஆசை.

“எல்லாம் ஒரிஜினலே இருக்கோணுங்க, சென்னியப்பன்” என்றார்.

அதற்குப் பிறகும் என்னவோ சொன்னார். கம்பரஸர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. ஜாப் கார்டில் ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

பழைய கார் கண்காட்சி ஆகஸ்ட் 20. வண்டியை அங்கே வைக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டு வருஷமாக எனக்கு இரண்டாம் பரிசுதான். போன வருஷம் முதல் பரிசு வாங்கிய பொள்ளாச்சிக்காரர், சாப்பாட்டுப் பந்தியில் அத்தனை பேர் முன்னால், “உங்க வண்டிக் கதவுக் கைப்பிடி லோக்கல் சாமானுங்களா?” என்று கேட்டார். லோக்கல்தான். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நடுவர்கள் ஒவ்வொரு டூப்ளிகேட் சாமானுக்கும் மார்க்கைக் கழிக்கிறார்கள். ரப்பர் பீடிங்குக்கு மட்டும் விட்டுவிடுவார்கள், அது யாருக்கும் ஒரிஜினல் கிடைக்காது. இந்த வருஷம் ஒரு மார்க் போகக் கூடாது.

ஜூன் 27, செவ்வாய்

இன்ஜின் ஓடிவிட்டது. கார்பரேட்டருக்குள் குளவிக் கூடு இருந்தது.

சாமான் பட்டியல் போட்டேன். பின் விளக்குக் கண்ணாடி ஈரோட்டில் ஒருவரிடம் கம்பெனி சாமானே இருக்கிறது. முன் கிரில் நெளிசல் எடுத்து முலாம் போட்டால் போதும். பானட் பூட்டுத்தான் இழுபறி. டூப்ளிகேட் பளபளவென்று இருக்கிறது, ஒரிஜினல் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. துருப்பிடித்ததைத்தான் எடுத்துக்கொண்டேன். அபுதாகிர் தலையில் அடித்துக்கொண்டான். பானட் திறக்கவில்லை என்றால்கூட நடுவர் மார்க் போடுவார், திறக்கும் டூப்ளிகேட்டுக்குப் போட மாட்டார் என்று அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது.

ஸ்டீரிங் வளையத்தில் இரண்டு மயிர் விரிசல். பின்பக்கம் யாரோ ரம்பம் போட்ட மாதிரி ஒரு வெட்டு வேறு. இதை வைத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போக முடியாது.

ஜூலை 3, திங்கள்

சென்னை போய் வந்தேன். புதுப்பேட்டையில் பழைய சாமான் வியாபாரி வேதமுத்துவிடம் ஹெரால்டு ஸ்டீரிங் ஒன்று இருக்கிறது, பெட்டிகூடப் பிரிக்காதது. அட்டைப் பெட்டி மட்கி, உள்ளே சுற்றிய காகிதம் தொட்டாலே உதிர்கிறது. வளையம் மட்டும் அறுபது வருஷமாக ஒரு கையும் படாமல் கறுப்பாக மின்னுகிறது. கம்பெனி முத்திரை தெளிவாக இருக்கிறது. கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொள்ளாச்சிக்காரர் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

“பழச குடுத்துட்டுப் போண்ணே, நடுவுல இருக்குற இரும்பு எனக்கு ஆவும்” என்றார் வேதமுத்து. அந்தத் தெருவில் அதுதான் வழக்கம், பழசை வைத்தால்தான் புதுசு கை மாறும். மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசோடு வந்தேன்.

கழற்றிய சாமானைத் துணியில் கட்டி வண்டிக்காரரிடம் ஒப்படைப்பது என் பட்டறை வழக்கம். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இது ஒன்றுதான் தவறியது. வெறும் விரிசல் விழுந்த வளையம், யார் கேட்கப்போகிறார்கள்.

ஜூலை 16, ஞாயிறு

டீச்சர் வந்தார். வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார். பெயிண்ட் பாதிதான் ஆகியிருக்கிறது. அதற்கே அப்படி.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீரிங்கின் மேல்பக்கத்தைப் பிடித்தார். விரல்கள் வளையத்துக்குப் பின்னால் போய் எதையோ தேடின. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“எங்கீங்க அது?”

“எதுங்க டீச்சர்?”

“என்ற ஸ்டீரிங்.”

வாயில் வந்ததைச் சொன்னேன். “அது பாலிஷுக்குப் போயிருக்குதுங்க. இது ஓட்டிப் பாக்கறதுக்கு மாட்டினது.”

அவர் உடனே நம்பிவிட்டார். நம்பியதோடு விடாமல் கதையையும் சொன்னார். எழுபத்தொன்பதில் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது கோதண்டம் சார். மில் மைதானத்தில். டீச்சர் ரோட்டைப் பார்க்காமல் ஸ்டீரிங்கையே பார்த்து ஓட்டினாராம். ஒருநாள் சார் பக்கத்து சீட்டில் இருந்தபடியே குனிந்து, ரம்பப் பிளேடால் வளையத்தின் பின்பக்கம் ஒரு வெட்டுப் போட்டார். ‘சக்கரம் நேரா இருக்குதான்னு கண்ணால பாக்காதே, விரலால பாரு’ என்றாராம்.

“அதுக்கப்புறம் நாப்பது வருசம் என்ற விரல் அதுலதானுங்க இருந்துச்சு. அவரு போனதுக்கப்புறமும் ஷெட்டுக்குப் போயி அதைத் தொட்டுட்டு வருவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல, சிரிப்பாங்க” என்று சொல்லித் தானே சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 17, திங்கள்

வேதமுத்துவுக்குப் போன் போட்டேன். “அது அன்னிக்கே ஒடைச்சாச்சுண்ணே. இரும்பு போயிடுச்சு, வளையம் குப்பையில போயிடுச்சு. இன்னா, அதுல தங்கமா வச்சிருந்த?” என்றார்.

ஜூலை 19, புதன்

அபுதாகிரிடம் மட்டும் சொன்னேன். பட்டி தேய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

“சொல்லிருங்ணா. திட்டுவாங்க. வாங்கிக்குங்க.”

“கண்காட்சி முடியட்டும்.”

“கண்காட்சிக்கும் இதுக்கும் என்னங்ணா சம்பந்தம்?”

அவனுக்கு என்ன தெரியும். ‘ஒரிஜினல்’ என்று கேட்டால் எங்கள் தொழிலில் கம்பெனி சாமான் என்றுதான் அர்த்தம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அவர் கேட்டதைத்தான் செய்தேன். கம்பெனி சாமான்தானே போட்டிருக்கிறேன்.

இதை எழுதிவிட்டு மறுபடி படித்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

பட்டறைக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தனியாக வந்து ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டேன்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். முதலில் நான்கு டயருக்கும் நூல் பிடித்து, சக்கரத்தை மயிரிழை பிசகாமல் நேராக நிறுத்தினேன். வளையத்தைத் தையல் டேப்பால் அளந்து, உச்சிக்கு நேர் நடுவில் சாக்பீஸால் குறித்தேன். பிளேடை எடுத்து அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அறுபது வருஷம் பெட்டியில் பத்திரமாக இருந்த சாமானில், அதைத் தேடி அலைந்த நானே ரம்பம் வைக்கிறேன். பொய்க்காக ஒரு ஒரிஜினலை அறுத்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்கே இழுப்பு. வெட்டின் ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கினேன். செங்கல் பொடியும் பழைய இன்ஜின் ஆயிலும் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து நாற்பது வருஷத்து விரல் வழவழப்பைக் கொண்டுவந்தேன். கடைசி இழுப்பில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வெட்டிலிருந்து நகத்தளவு ஒரு விரிசல். இன்னொரு வெட்டை இந்த வளையம் தாங்காது.

முடித்ததும் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தேன். உண்மை போலவே இருந்தது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஜூலை 24, திங்கள்

என் வீட்டுக்காரி வசந்தாமணி, “ஏனுங்க, கையை இத்தன தரம் கழுவறீங்க?” என்றாள். ஆயில் போகவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வண்டியைக் கொடுத்தேன். கண்காட்சியன்று டீச்சரே ஓட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

பால்வெள்ளையும் நீலமுமாக வண்டி ஜொலித்தது. டீச்சர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. சீட்டில் உட்கார்ந்து கையைக் கொண்டுபோனார். விரல் வெட்டில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, “இருக்குது” என்றார். நான் அபுதாகிர் பக்கம் பார்க்கவில்லை.

ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே கிளம்பினார். நேராகத்தான் கிளம்பினார். கேட்டுக்கு வரும்போது வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. இடது மட்கார்டு கேட்டுத் தூணில் உரசி, விளக்கு நொறுங்கி நின்றது.

ஓடினோம். அவருக்கு அடி ஒன்றும் இல்லை. இறங்கி வந்து தூணைத் தடவிப் பார்த்தார்.

“உங்க தூணுக்கு ஒண்ணும் ஆகலையில்ல? மன்னிச்சுக்குங்க சென்னியப்பன். எத்தன நாள் ஒழைப்பு.”

மன்னிப்பை என்னிடம் கேட்டார்.

மைசூர்பாகு இரண்டையும் அபுதாகிரிடம் கொடுத்தேன். அவனும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

டீச்சர் போன் செய்தார். குரலே மாறியிருந்தது.

“எப்படி ஆச்சுன்னு ரெண்டு நாளா யோசிச்சுட்டே இருக்கறனுங்க. அவரு அந்த வெட்டைக் கோணலாத்தான் போட்டிருந்தாரு. பக்கத்து சீட்டுல இருந்து போட்டாரில்ல, நடுன்னு நெனச்சுட்டு ரெண்டு விரல் இடப்பக்கம் தள்ளிப் போட்டுட்டாரு. வண்டி நேரா போகையில வெட்டு ரெண்டு விரல் இடப்பக்கம் நிக்கோணும். நான் அந்தக் கோணலுக்கே பழகிட்டேன். அன்னைக்கும் அதே மாதிரிதான் புடிச்சேன். வண்டி இடப்பக்கம் போயிருச்சு. எனக்குத்தான் கை மறந்துபோச்சுங்களா?”

எனக்குப் புரிந்துவிட்டது. நான் நூல் பிடித்து, டேப் வைத்து, நேர் நடுவில் வெட்டியிருக்கிறேன். அவர் பழக்கப்படி இரண்டு விரல் இடப்பக்கம் பிடித்தால் சக்கரம் இடப்பக்கம்தான் திரும்பும். அவர் கை மறக்கவில்லை. என் வெட்டுத்தான் சரியாக இருந்து கெடுத்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். போன் காதில்தான் இருந்தது.

“ஆறு வருசம் ஓட்டலையில்லீங்க டீச்சர், பழக்கம் விட்டுப்போயிருக்கும்” என்றேன்.

“அப்பிடித்தான் இருக்கும்” என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மட்கார்டு டிங்கரிங் முடிந்தது. விளக்கு மாற்றினேன்.

டீச்சர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வண்டியை விற்றுவிடலாமாம், நல்ல இடமாகப் பார்க்கச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் மகளும் அதைத்தான் சொன்னாளாம், இந்த வயசில் என்ன காரு என்று. அடுத்த மாதம் முடிகிற லைசென்ஸைப் புதுப்பிக்க எழுதிவைத்த விண்ணப்பத்தையும் கிழித்துவிட்டாராம்.

டீ வந்தபோது அபுதாகிர் என் டம்ளரை மட்டும் கையில் தராமல் வேலைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 12, சனி

இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன்.

ஜூன் 12. காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை என்று நானே எழுதியிருக்கிறேன். கீழேயே கம்பரஸர் சத்தத்தில் காதில் விழவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். கரண்ட் இல்லாமல் கம்பரஸர் எப்படி ஓடும். என் டைரியிலேயே நான் பொய் சொல்லியிருக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள் என்று அதை எழுதினேனோ.

அவர் சொன்னது நன்றாகவே கேட்டது. “கை படற சாமான் எதையும் மாத்தீராதீங்க, எனக்கு அதுதான் ஒரிஜினல்” என்றார். பட்டறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அன்றைக்கு. கேட்டுக்கொண்டே ஜாப் கார்டில் பாதியை மட்டும் எழுதினேன். கண்காட்சி மனசில் இருந்தது. அவ்வளவுதான். வார்த்தைக் குழப்பம் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசற்படி இறங்கினார். பட்டறைக்கு வந்த நாட்களில் அவர் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

காப்பி கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம், முதலில் கேளுங்கள் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புதுப்பேட்டை, பழசைக் கொடுத்தது, பாலிஷ் பொய், ரம்பம், செங்கல் பொடி, போனில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேருமே போகவில்லை.

“அப்ப எனக்கு ஓட்டத் தெரியும்” என்றார்.

“நல்லாத் தெரியுங்க டீச்சர். நீங்க புடிச்சதுதான் சரி.”

“ஒரு வாரமா நான் படி எறங்கறதுக்கே சுவத்தைப் புடிச்சுக்கறேன், தெரியுங்களா? கை போச்சு, இனிக் காலும் போயிரும்னு. பாலை அடுப்புல வெச்சா மறந்துருவேன்னு பயந்து கிட்டயே நிக்கறேன். எல்லாமே போகுதுன்னு நெனச்சேன்.”

அழுதேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம். அழுதேன்.

அவர் அழவில்லை. கணக்கு நோட்டைத் திருத்துகிற மாதிரி கேட்டார். “அன்னைக்கு நான் கடைசியாச் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க.”

“சரி.”

அந்தச் ‘சரி’க்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இந்த வெட்டை அடைத்துவிட்டு, அவர் விரல் வைக்கிற இடத்தில் புது வெட்டுப் போட்டுத் தருகிறேன் என்றேன். வளையம் உடைந்தாலும் வேறு தேடுகிறேன் என்றேன். கையை நீட்டித் தடுத்தார். “போதுங்க. இன்னும் எத்தனையை வெட்டுவீங்க? வெட்டாம ஆகாதா?”

“ஸ்டீரிங்கைக் கழட்டி, அது உக்கார்ற தண்டுல இருக்கற பல்லுல ஒரு பல் இடப்பக்கம் தள்ளி மாட்டலாமுங்க. உங்க கைக்குச் சரியா வந்துரும். ஆனா வண்டி நேரா போகையில நடுக்கம்பி ரெண்டும் சாஞ்சு நிக்கும். பாக்கறவங்க, வேலை தெரியாதவன் மாட்டினதும்பாங்க.”

“கண்காட்சியிலயும் சொல்லுவாங்களா?”

“அங்கதானுங்க மொதல்ல சொல்லுவாங்க.”

“அப்ப அப்பிடியே மாட்டுங்க. கண்காட்சிக்கு நானே ஓட்டிட்டு வரேன்.”

ஆகஸ்ட் 14, திங்கள்

ஒரு பல் தள்ளி மாட்டினேன். முப்பது வருஷத் தொழிலில் தெரிந்தே கோணலாக மாட்டியது இதுதான். நட்டை முறுக்கும்போது கை இரண்டு முறை தானாக நேராக்கப் பார்த்தது. அபுதாகிர் பக்கத்தில் வந்து நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். டீயும் கொண்டுவந்து கையில் கொடுத்தான்.

டீச்சர் மில் ரோட்டில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். கேட்டைப் பார்க்காமலே நுழைந்து வந்து நிறுத்தினார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மைதானத்தில் நாற்பத்திரண்டு வண்டிகள். எங்கள் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். பொள்ளாச்சிக்காரர் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பூட்டைக் குனிந்து பார்த்து, “ஒரிஜினலுங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். இந்த வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். சந்தோஷமாக இல்லை.

நடுவர் மதுரைக்காரர், பெரியவர். ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்து கதவருகே நின்றார். டீச்சர் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஸ்டீரிங் மேல் இருந்தது.

“எல்லாம் அருமையா இருக்கு. சக்கரம் நேரா நிக்குது, ஸ்டீரிங் மட்டும் ஏன் கோணலா இருக்கு? இதை மாட்டுனது யாருங்க?”

கூட்டம் கொஞ்சம் நெருங்கியது. பொள்ளாச்சிக்காரர் நிமிர்ந்தார். வண்டிக்காரர் கேட்டுக்கொண்டபடி மாட்டினேன் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்கூட இல்லை.

“நான்தானுங்க” என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். டீச்சர் கையை எடுத்து வழிவிட்டார். வளையத்தைத் தடவிய நடுவர் விரல் பின்பக்கம் வெட்டில் நின்றது.

“இது பெட்டி பிரிக்காத சாமானாச்சே. இதுல ரம்பம் போட்டது யாரு?”

“அதுவும் நான்தானுங்க.”

யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை, தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார்.

பரிசு ஒன்றும் இல்லை. நான்கு மணிக்குத் தூறல் போட்டதும் கிளம்பினோம். அபுதாகிர் தன் பைக்கில் முன்னால் போய்விட்டான். என்னைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போவதாக டீச்சர் சொன்னார். பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஹோப்ஸ் சிக்னலில் நின்றதும் வைப்பரைப் போட்டார். பிறகு, “லைசென்ஸுக்கு மறுபடி எழுதிப் போட்டுட்டேன்” என்றார்.

“நல்லதுங்க டீச்சர்.”

“அடுத்த மாசம் ஆயில் மாத்தோணுமில்ல?”

“ஆமாங்க. கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்.”

“இல்ல, வேற எடத்துல மாத்திக்கறனுங்க.”

தலையாட்டினேன். அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, முடிவு மட்டும் இருந்தது. கண் ரோட்டை விட்டு அசையவில்லை. ஈர ரோட்டில் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. ஸ்டீரிங் கம்பி மட்டும் வழி முழுக்க என் பக்கம் சாய்ந்தே இருந்தது.